உப்புக்காற்றில் ஒரு கலைக்கூடம்: வடசென்னையில் குறைந்த மின்சாரத்திலும் குறைந்த குப்பையிலும் கண்காட்சி நடத்தும் முறை

ஓட்டம் நின்றுபோன அச்சகம், கயிறும் வலையும் அடுக்கியிருந்த கிடங்கு, பாகப்பிரிவினை முடியாமல் பூட்டிக் கிடக்கும் பாட்டனார் வீட்டின் கீழ்த்தளம் என்று இராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் தண்டையார்பேட்டையிலும் சமகாலக் கலைக்கு ஏற்ற இடங்கள் இன்னும் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்துக் கலைக்கூடம் நடத்த முன்வருபவர்கள், சுற்றுச்சூழலுக்கு ஊறு செய்யாமல் அதை நடத்துவது எப்படி என்று கேட்கும்போது, பெரும்பாலும் காகிதக் கோப்பையிலும் துணிப்பையிலும்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிவிடுங்கள் என்பேன். ஒரு சிறிய கலைக்கூடம் செய்யும் கேட்டில் பெரும்பங்கு ஏசி இயந்திரத்திலும், விமானத்தில் ஏறும் மரப்பெட்டியிலும், கண்காட்சிக்குக் கண்காட்சி கட்டி இடிக்கும் தற்காலிகச் சுவரிலும் இருக்கிறது. கோப்பை கடைசியாக வர வேண்டியது. நானும் அதைக் கடைசியிலேயே பேசுகிறேன்.

வடசென்னையில் இதைச் செய்வதற்குத் தனியான ஒரு நியாயமும் உண்டு. மற்ற ஊர்களில் மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது, குப்பை வண்டியில் போய்விடுகிறது என்று இருந்துவிடலாம். இங்கே எண்ணூர்ப் பக்கம் போனாலே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், 1,500 மெகாவாட் திறன் கொண்ட வல்லூர் நிலையத்தின் புகைபோக்கிகளும் கண்ணில் படுகின்றன. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து கிடக்கிறது. நம் கம்பியில் வரும் மின்சாரம் எந்த நிலையத்தில் பிறந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாலும், அந்தக் கரியின் தூசி யார் வீட்டு மொட்டை மாடியில் படிகிறது என்று சொல்ல முடியும். கண்காட்சி முடிந்து நாம் வெளியே வைக்கும் மூட்டையும் வேறெங்கோ போவதில்லை; கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

எந்த மாற்றத்துக்கும் முன்பாக, கடந்த ஓராண்டின் ஈபி பில்களை எடுத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எத்தனை யூனிட் செலவாயிற்று என்று எழுதுங்கள். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று கொண்டால் கணக்கு எளிது: ஆயிரம் யூனிட் என்பது 700 கிலோ. அடுத்த பக்கத்தில் அந்த ஆண்டில் வந்த, போன படைப்புகளின் எடை, தூரம், சென்ற வழி ஆகியவற்றை எழுதுங்கள். மூன்றாவது பக்கத்தில் ஏசிக்கு எத்தனை முறை கேஸ் போட்டீர்கள், நான்காவதில் ஒவ்வொரு கண்காட்சி முடிவிலும் எத்தனை கிலோ குப்பை வெளியேறியது. இந்த நான்கு பக்கங்கள் போதும்.

லண்டனில் 2020-இல் கலைக்கூடங்கள் சேர்ந்து தொடங்கிய கேலரி கிளைமேட் கோயலிஷன் என்னும் அமைப்பு, 2030-க்குள் தம் உமிழ்வைக் குறைந்தது பாதியாகக் குறைப்பது என்று இலக்கு வைத்திருக்கிறது. அங்குள்ள கூடங்களின் கணக்கில் சரக்குப் போக்குவரத்தும் விமானப் பயணமும் முன்னால் நிற்கின்றன. வெளிநாட்டுச் சந்தைகளுக்குப் போகாத வடசென்னைக் கூடம் ஒன்றின் நோட்டுப் புத்தகத்தில் ஏசி முன்னால் நிற்கும். ஆகவே அவர்களுடைய பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வதில் பயனில்லை. நம் கணக்கு காட்டும் இடத்தில்தான் கையை வைக்க வேண்டும்.

குளிரும் ஈரமும்

படைப்புகளைக் காப்பாற்ற அறையைக் குளிர வைத்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை, கலைக்கூடம் நடத்துபவர்களிடையே கிட்டத்தட்ட ஆகமவிதியாக இருக்கிறது. கடலோர ஊரில் காகிதத்துக்கும் கேன்வாசுக்கும் உண்மையான எதிரி வெப்பத்தைவிட ஈரமே. இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும். வெளியே 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் காற்று, ஏறக்குறைய 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் நீராகப் பூக்கத் தொடங்கும். அறையை 21 டிகிரியில் வைத்திருந்து, மாலையில் ஏசியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தால், கடற்காற்று உள்ளே நுழைந்து முதலில் தொடுவது குளிர்ந்திருக்கும் சுவரையும், கண்ணாடிச் சட்டத்தையும், கேன்வாசின் முதுகையும்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த செம்பு வியர்ப்பதுபோல அவை வியர்க்கும். நான் கூடம் தொடங்கிய முதல் ஆண்டில், வருகிறவர்கள் மெச்ச வேண்டும் என்று பகலெல்லாம் 20 டிகிரியில் வைத்து, இரவெல்லாம் அணைத்து வைத்தேன். கரிக்கோல் சித்திரங்கள் சில வாரங்களில் அலையலையாக நெளிந்தன. சட்டத்தைத் திறந்து பார்த்தபோது பின்புறம் பூஞ்சணம் புள்ளி வைத்திருந்தது. மின்சாரத்துக்குப் பணம் கொடுத்து நானே விலைக்கு வாங்கிய பூஞ்சணம் அது.

எனவே, கூடம் முழுவதையும் ஒரே பதத்தில் வைக்கும் எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். கூடத்தில் உள்ளதிலேயே சிறிய, சன்னல் குறைந்த அறை ஒன்றைத் தேர்ந்து, காகிதம், புகைப்படம், துணி, பழைய மரம் ஆகியவற்றுக்கென ஒதுக்குங்கள். ஏசியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் அந்த ஓர் அறைக்கு மட்டும். சுடுமண், கல், பீங்கான், உலோகம், காணொளி, ஒலி ஆகியவற்றை மின்விசிறி சுழலும் திறந்த கூடத்தில் வைக்கலாம். கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும் என்பதால் இரும்புச் சிற்பங்களுக்கு மட்டும் மெழுகுப் பூச்சு கொடுத்து, வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

அந்தச் சிறிய அறையிலும் ஏசியை எவ்வளவு தாழ்த்துவது என்பதில் நிதானம் வேண்டும். பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் கூடும் பீஸோ குழு வகுத்த பசுமை நெறிமுறையே, ஈரம் ஏற்கும் பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பநிலையையும், 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதத்தையும், ஒரு நாளில் பத்து விழுக்காட்டுக்கு மிகாத ஏற்ற இறக்கத்தையும் போதுமென ஏற்றுக்கொள்கிறது. முன்பு வழக்கிலிருந்த இறுக்கமான வரம்புகளைவிட இது எவ்வளவோ தளர்வானது. அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் வல்லுநர்களின் இரு சர்வதேச அமைப்புகள் 2014-இல் மெல்போர்னிலும் ஹாங்காங்கிலும் ஏற்ற அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், இத்தகைய வழிகாட்டுதல்கள் அந்தந்த ஊரின் தட்பவெப்பத்தில் எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. படைப்பைக் கடனாகக் கொடுப்பவரிடம் இந்த வாசகத்தை எடுத்துக்காட்டிப் பேசுவதில் தவறில்லை. சென்னையிலேயே வரையப்பட்டு, சென்னையிலேயே பத்தாண்டு காலம் வீட்டுச் சுவரில் தொங்கிய ஓவியத்துக்கு 26 டிகிரியும் 55 முதல் 65 விழுக்காடும் பொருந்தும் என்பது என் அனுபவம். 65-ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு வழிவிடுகிறோம் என்று பொருள். ஏற்ற இறக்கம் மெதுவாக நடப்பது, எண் எத்தனை என்பதைவிட முக்கியம்.

இதற்கு அறையில் ஓர் ஈரப்பதமானி வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே பதிந்துகொள்ளும் டேட்டா லாகராக இருந்தால் இன்னும் நல்லது. வைக்கும் இடம் படைப்பின் அருகே, ஏசியின் நேர்க்காற்று படாத மூலை. ஒரு மாதப் பதிவை வரைபடமாக எடுத்து ஒப்பந்தத்தோடு இணைத்தால், கடன் கொடுப்பவரின் அச்சம் பாதி தணிந்துவிடும்.

ஏசி வாங்கும்போது, அறைக்குத் தேவையானதைவிடப் பெரியதை வாங்குவதே நம் வழக்கம். பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு கம்ப்ரஸரை நிறுத்திக்கொள்ளும். கம்ப்ரஸர் ஓடும்போதுதான் ஈரம் வடியும் என்பதால், அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். அளவான இயந்திரத்தை 26 டிகிரியில் வைத்து, விசிறியையும் சுழலவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இயந்திரம் கொஞ்சம் வெப்பத்தை வெளிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏசியில் ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைவனம் சொல்கிறது.

இனி, யாரும் அதிகம் பேசாத ஒன்று: ஏசிக்குள் இருக்கும் வாயு. பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22, ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகர். ஆர்-410ஏ என்றால் இரண்டு டன்னுக்கும் மேல். ஆர்-32 ஏறக்குறைய 675 கிலோ; ஆர்-290 எனப்படும் புரோபேன் சில கிலோ மட்டுமே. அதாவது ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் கலப்பது, நம் கூடம் மூவாயிரம் யூனிட் மின்சாரம் எரிப்பதற்குச் சமம். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வெளியூனிட்டின் செம்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் உப்பு தின்கிறது; இரண்டு கோடைக்கு ஒருமுறை கேஸ் போய்விட்டது என்று மெக்கானிக் வருகிறார், போட்டுவிட்டுப் போகிறார், இரண்டு கோடை கழித்து மறுபடி வருகிறார். அவரிடம் முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துப் பார்த்து, பற்றவைத்து, வேக்குவம் எடுத்து, அதன் பிறகுதான் கேஸ். இயந்திரத்தை இடம் மாற்றும்போது, வாயுவைத் திறந்துவிடாமல் பம்ப் டவுன் செய்து வெளியூனிட்டுக்குள்ளேயே அடைத்து எடுக்க வேண்டும். வெளியூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் பொருத்தாமல், நிழல் விழும் மறுபக்கச் சுவரில் பொருத்தி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் அதன் ஆயுள் கண்கூடாக நீளும்.

பழைய கட்டடம் கிடைத்திருந்தால், அதன் அறிவைக் கெடுக்காமல் இருப்பதே பெரிய சிக்கனம். தேக்கு உத்திரங்களின் மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் நிறுத்தி அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும், உயர்ந்த சுவரின் தலையில் விட்ட காற்றுக்கண்களும், தடித்த சுவர்களும் வெப்பத்தை வெகுநேரம் வாசலில் நிறுத்தி வைப்பவை. பால்ஸ் சீலிங் அடித்து இவற்றை மறைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பூசினால், சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பெயின்டைக் கொப்புளமாக உரித்துத் தள்ளும். சுண்ணாம்பே பூசுங்கள். அது கையில் ஒட்டும் என்பதாலும் காரத்தன்மை உடையது என்பதாலும், படைப்பைச் சுவரில் படாமல் ஓர் அங்குலம் முன்தள்ளி, கார்க் அல்லது மரத் துண்டு கொடுத்துத் தொங்கவிட வேண்டும். பின்னால் காற்று ஓடினால் பூஞ்சணமும் அண்டாது. மாட்டும் ஆணியும் கொக்கியும் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ இருக்கட்டும். மொட்டை மாடிக்கு வெள்ளை பூசுவது கோடை தொடங்கும் முன் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை.

சட்டங்களுக்குள் வைக்கும் சிலிக்கா ஜெல்லை ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டியதில்லை. நிறம் மாறியதும் அடுப்பில் ஏறக்குறைய 120 டிகிரியில் காய வைத்தால் மீண்டும் உழைக்கும். கோபால்ட் கலந்த நீல நிறத்தது நச்சு என்பதால் ஆரஞ்சு நிறத்ததைக் கேட்டு வாங்குங்கள். அந்துருண்டையைப் பெட்டியில் போடுவதை விடுத்து, சுவடிகளுக்கு நம் முன்னோர் வைத்ததுபோல வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம். ஆனால் முடிச்சு காகிதத்தின் மேல் படக் கூடாது.

விளக்கு

இது மிக எளிதாக முடியும் வேலை என்பதால் அதிகம் சொல்லப் போவதில்லை. இருபது 50 வாட் ஹாலஜன் விளக்குகள் நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் 8 யூனிட். அவற்றின் இடத்தில் 7 வாட் எல்இடி வைத்தால் 1.12 யூனிட். மாதத்துக்கு 26 நாள் என்றால் 208 யூனிட் இருந்த இடத்தில் 29 யூனிட். அதோடு விளக்கின் சூட்டை ஏசி சுமக்க வேண்டிய கூடுதல் வேலையும் குறைகிறது. நீர்வண்ணத்துக்கும் காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு), எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் 200 லக்ஸ் என்பது வழக்கம். வெளிச்சம் போதவில்லை என்று யாராவது சொன்னால், விளக்கைக் கூட்டாமல் சுற்றியுள்ள வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள், கண் பழகிக்கொள்ளும். மின்தடைக்கு டீசல் ஜெனரேட்டர் வேண்டாம். எல்இடியையும் விசிறியையும் வீட்டு இன்வெர்ட்டரே மணிக்கணக்கில் தாங்கும். புரொஜெக்டரை வாங்காமல் ரிச்சி தெருப் பக்கம் வாடகைக்கு எடுங்கள்.

மொட்டை மாடியில் சோலார் வைக்க இடமிருந்தால், ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி வேண்டும். நாளுக்கு நான்கு யூனிட் என்ற அளவில் கிடைக்கும். மணலியும் எண்ணூரும் அருகிலிருக்கும் இடங்களில் கருந்தூசி படிவதால், துடைக்க ஆள் வைக்காமல் சோலார் வைப்பதில் பொருளில்லை.

சுவரும் பீடமும்

ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஜிப்சம் பலகையில் தற்காலிகச் சுவர் எழுப்பி, பட்டி பூசி, மூன்று கை பெயின்ட் அடித்து, ஒரு மாதம் கழித்து இடித்துக் குப்பையில் போடுவது கலையுலகம் வெட்கப்படாமல் செய்யும் வீண்செலவு. ஈரமான குப்பை மேட்டுக்குள் புதையும் ஜிப்சம், காற்றில்லாத நிலையில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அந்த நாற்றம் யார் மூக்கில் ஏறும் என்று கொடுங்கையூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கு மாற்றாக, எட்டுக்கு நான்கு அடிப் பிளைவுட் பலகைகளை மரச் சட்டத்தில் பொருத்தி, போல்ட்டும் நட்டும் கொண்டு ஒன்றோடொன்று இணையும் பத்துப் பன்னிரண்டு பலகைகளை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். ஆணி அடித்தால் இரண்டு முறையில் மரம் கிழிந்துவிடும். போல்ட் பல ஆண்டு உழைக்கும். பார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவைக் குறைவாக வெளிவிடும் தரத்தைக் கடையில் வற்புறுத்திக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் என்றென்றும் ஒரே வெள்ளை, ஒரே நிறுவனம், ஒரே எண் என்று வைத்துக்கொண்டால், ஆணித்துளையை அடைத்து அந்த இடத்தில் மட்டும் தொட்டுவிட்டால் போதும். ஒரு டப்பா பெயின்ட் மூன்று கண்காட்சிகளுக்கு வரும்.

மரம் வேண்டுமானால் துறைமுகம் அருகிலேயே இருக்கிறது. சரக்கு இறக்கிய பின் கழித்துக் கட்டும் பேலட் பலகைகள் காயலாங்கடைகளில் எடைக்குக் கிடைக்கும். அவற்றில் ஒரு முத்திரை குத்தியிருக்கும். எச்டி (HT) என்று ஆங்கில எழுத்தில் இருந்தால், மரத்தின் உள்மையம் 56 டிகிரியில் அரை மணி நேரம் இருக்கும்படி சூடாக்கிப் பூச்சியைக் கொன்றது. எம்பி (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்தது. முதல் வகையை மட்டும் எடுங்கள். எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

பீடத்துக்கு நான் விரும்பிப் பயன்படுத்துவது சாம்பல் செங்கல். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்து கட்டட வேலைக்கு விற்கும் கல் அது. சிமென்ட் இல்லாமல் வெறுமனே அடுக்கி, மேலே ஒரு கடப்பா பலகையை வைத்தால் பீடம் ஆயிற்று. கண்காட்சி முடிந்ததும் அருகில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு அந்தக் கற்களை அப்படியே கொடுத்துவிடலாம். குழந்தைகள் வரும் கூடமென்றால் உயரம் இரண்டடியைத் தாண்ட வேண்டாம்.

சுவரில் எழுதும் அறிமுகக் குறிப்புக்கு வினைல் ஸ்டிக்கர் வெட்டுவதும், வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டுவதும் இப்போது பழக்கமாகிவிட்டன. இரண்டும் பிவிசி பிளாஸ்டிக்; உரித்த பிறகு எதற்கும் உதவாது. 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர்களும் அலங்காரத் தெர்மாக்கோலும் 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. படகுக்கும் ஆட்டோவுக்கும் கடைப் பலகைக்கும் பெயர் எழுதிய கைகள் வடசென்னையில் இன்னும் இருக்கின்றன; அவர்களில் ஒருவரை அழைத்துக் காடாத்துணியில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் கூடத்தில் எழுத வந்த பெரியவர், ஓவியரின் பெயரை எழுதி முடித்துவிட்டு, உள்ளே போய் ஒவ்வொரு படமாக ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஃப்ளெக்ஸ் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் இப்படி ஒரு பார்வையாளர் கிடைத்திருக்க மாட்டார்.

கட்டுவதும் அனுப்புவதும்

பபுள் ராப்பையும் ஸ்ட்ரெச் பிலிமையும் முழுவதுமாக ஒழித்துவிட முடியும் என்று நான் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் லாரியில் போகும் ஓவியத்துக்கு நீர் புகாத ஓர் உறை தேவை. ஆனால் அந்த உறை திரும்பி வர வேண்டும். தார்ப்பாய்த் துணியில் அளவெடுத்துத் தைத்த பை, உள்ளே காடாத்துணிக்கு நடுவே கழிவுப் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை உறை, மூலைகளுக்கு அட்டையை மடித்துச் செய்த காப்பு என்று ஒருமுறை செய்தால், பல கண்காட்சிகளுக்கு வரும். வண்ணாரப்பேட்டையில் துணி வெட்டித் தைப்பவர்களிடம் கொடுத்தால் ஒரே வாரத்தில் முடித்துத் தருவார்கள். காடாத்துணியை இரண்டு முறை நன்றாகத் துவைத்துக் கஞ்சியை நீக்கிவிட வேண்டும். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். அக்ரிலிக் ஓவியத்தின் முகத்தில் துணி நேரடியாகப் பட்டால் வெயிலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இடையில் மெழுகில்லாத பட்டர் பேப்பர் ஒன்று அவசியம். பெட்டிகளைத் திருகாணியால் மூடி, வெளியே எந்த அளவு ஓவியம் உள்ளே அடங்கும் என்று எழுதி வைத்தால், அடுத்த முறை புதிய பெட்டி செய்யும் ஆசை வராது.

வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தால், கப்பலா விமானமா என்ற ஒரு முடிவு, நீங்கள் ஆண்டு முழுவதும் விளக்கில் சேர்த்த மிச்சத்தைத் தின்றுவிடும். நூறு கிலோ பெட்டி ஒன்று சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போனால் அரை டன் என்ற அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும்; கப்பலில் போனால் சில பத்துக் கிலோ. கப்பலுக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும் என்பதால், ஓவியரிடம் படைப்பு முடியும் தேதியைப் பேசும்போதே கப்பலின் தேதியையும் சேர்த்துப் பேச வேண்டும். விமானம் பெரும்பாலும் நம் தாமதத்துக்குக் கட்டும் அபராதம்தான். முழுக் கன்டெய்னருக்குச் சரக்கு இல்லாவிட்டால், பலருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும் முகவர்கள் மண்ணடி, பாரிமுனை வட்டாரத்தில் இருக்கிறார்கள். கன்டெய்னருக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும் என்பதால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் தாராளமாக வையுங்கள். டெல்லிக்கு என்றால் 2,180 கிலோமீட்டர் தூரத்தை சென்ட்ரலிலிருந்து இரயில் பார்சலிலேயே கடக்கலாம். அக்னி நட்சத்திர நாள்களில் மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள், பார்சல் பெட்டியின் வெப்பத்தில் பசையும் மெழுகும் இளகும்.

சில படைப்புகள் பயணம் செய்யவே தேவையில்லை. சால் லெவிட் என்ற அமெரிக்கக் கலைஞர் 1968 முதல் உருவாக்கிய சுவர்ச் சித்திரங்களுக்கு எழுத்தில் விதிமுறை உண்டு. அந்த விதியைப் பின்பற்றி உள்ளூர்க் கைகள் சுவரில் வரையும், காட்சி முடிந்ததும் வெள்ளையடித்துவிடுவார்கள். எழும்பூர் ஓவியக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு இத்தகைய பணிகளைச் செய்யலாம். புகைப்படக் கண்காட்சி என்றால் படங்களின் டிஜிட்டல் கோப்புகளை வாங்கி இங்கேயே அச்சிட்டு, முடிவில் அச்சுகளை என்ன செய்வது என்று கலைஞரோடு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

மாசே கலைப்பொருளாக வரும்போது

எண்ணூரைப் பற்றிக் கலை செய்பவர்கள் எண்ணூரையே கூடத்துக்குக் கொண்டுவர விரும்புவது இயல்பு. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிப் பரவிய எண்ணெயும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெயும் இந்தக் கரையின் நினைவில் இருக்கின்றன. சாம்பலைக் கொட்டி நடக்கச் செய்வதும், எண்ணெய் படிந்த வலையைத் தொங்கவிடுவதும் வலுவான படைப்புகளாக அமையலாம். ஆனால் பறக்கும் சாம்பல் மிக நுண்ணிய துகள். அதில் கன உலோகங்கள் உண்டு. காலையில் கூடத்தைப் பெருக்க வரும் அம்மாவின் நுரையீரலுக்குள் அது போகும். ஆகவே சாம்பலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்தோ, பசையில் கட்டிப் பலகையாக்கியோதான் காட்ட வேண்டும். விசிறி ஓடும் கூடத்தில் திறந்து கொட்டக் கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் படிந்த பொருள்களை மாநகராட்சிக் குப்பையில் சேர்க்கக் கூடாது. அது அபாயகரக் கழிவு. முடிந்த பின் அது எங்கே போகும் என்று பதில் கிடைக்காதவரை அந்தப் படைப்புக்குத் தேதி கொடுக்காதீர்கள். இதில் நான் கறாரானவன் என்று பெயர் எடுத்திருக்கிறேன்.

அதே மிக்ஜாம் மழையில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தரைத்தளங்களில் நீர் நின்றது. வெள்ளத்தில் நனைந்த படைப்பைக் காப்பாற்றச் செலவாகும் பொருளும் மின்சாரமும் மிக அதிகம் என்பதால், சேமிப்பறையில் எதையும் மூன்றடிக்குக் கீழே வைக்காமல், ஐப்பசி பிறக்கும் முன் இரும்பு அலமாரிகளின் கீழ்த்தட்டைக் காலி செய்துவிடுங்கள்.

திறப்பு விழா

அழைப்பிதழில் இடத்துக்கு வழி சொல்லும்போது, கார் நிறுத்தும் இடத்துக்கு முன்பாக மெட்ரோ நிலையத்தின் பெயரை எழுதுங்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை பாதை நீண்டதிலிருந்து, தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் நகரின் மற்றப் பகுதிகளோடு இணைந்துவிட்டன. டீக்கு எவர்சில்வர் டம்ளர், சுண்டலுக்கு மந்தாரை இலைத் தொன்னை. நூறு டம்ளர் வாங்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடையில் இருப்பது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். காகிதம் என்று பெயர் இருப்பதால் அது காகிதமாகிவிடாது.

கழற்றும் நாள்

கண்காட்சி தொடங்குவதற்கு முன்பே, முடியும் நாளுக்கான பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டி வையுங்கள். எந்தப் பலகை எந்த அடுக்குக்கு, எந்தக் கல் எந்த மேஸ்திரிக்கு, எந்தப் பெட்டி யாருக்குத் திரும்ப வேண்டும் என்று பெயரோடு எழுதியிருக்க வேண்டும். அன்றைய களைப்பில் யோசிக்க நேர்ந்தால் எல்லாம் குப்பைக்கே போகும். காடாத்துணிப் பதாகையைத் துவைத்து மடித்து அடுத்த மெத்தை உறைக்கு வையுங்கள். திருகாணிகளை எண்ணி ஒரே டப்பாவில் போடுங்கள். இரும்பு, அட்டை, அலுமினியம் ஆகியவற்றைப் பிரித்துக் காயலாங்கடைக்கு அனுப்புங்கள். அங்கே தராசு இருப்பதால், எடையைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அதன் பிறகும் எஞ்சும் மூட்டையைக் கைத்தராசில் தொங்கவிட்டு, எத்தனை கிலோ என்று நோட்டுப் புத்தகத்தின் நான்காவது பக்கத்தில் தேதியோடு எழுதிவிட்டு, பிறகு வாசலுக்குக் கொண்டுபோய் வையுங்கள்.